டயர்ல காத்து எவ்ளோன்னு சொல்லாமலே வாரண்டிய மறுத்தது பத்தி புகார்

கஸ்டமர் கேர் டீமுக்கு வணக்கம்,

உங்ககிட்ட நாலு ஆல் டெரெய்ன் டயர் (தார் ரோடு, சரளை, மணல் எல்லாத்துலயும் ஓட்டற டைப்பு) வாங்கி 14 மாசம் ஆச்சு, ஓடினது 22,000 கிலோமீட்டர். பின்னாடி ரெண்டுலயும் டிரெட்டு, அதாவது ரோட்டுல படுற ரப்பர், நடுவுல மட்டும் தேஞ்சு போச்சு. டெப்த் கேஜ் வெச்சு நானே அளந்தேன், ஓரத்துல 9 மில்லிமீட்டர் நிக்குது, நடுவுல 5 தான். வாரண்டிக்கு போட்டா ஒத்த வரில பதில் வருது, "அதிக காற்றழுத்தத்தில் பயன்படுத்தியதால் கோரிக்கை ஏற்கப்படவில்லை"ன்னு. காத்து கூடுனா நடு தேயும், கொறைஞ்சா ரெண்டு ஓரமும் தேயும், அது எனக்கும் தெரியுது. ஆனா அதிகம்னா எதைவிட அதிகம்? அந்த நம்பர நீங்க எப்ப சொன்னீங்க?

டயர் மாட்டினது உங்க சென்டர்லதான். மாட்டின பையன் சைடுவால்ல (டயரோட பக்கச் சுவரு) 50 பிஎஸ்ஐன்னு (காத்தழுத்தத்தோட அளவு) இருக்கறத காட்டி, 50 வரைக்கும் தாங்கும் சார், நாம 45 வெச்சுக்கலாம்னு அடிச்சு விட்டான். சைடுவால்ல இருக்கறது மேக்ஸிமம் லிமிட்டு. பாலத்துல அதிகபட்ச எடைன்னு போர்டு வெச்சிருந்தா அவ்ளோ எடைய ஏத்திட்டுதான் போகணும்னு அர்த்தமா? அப்ப எனக்கு இது தெரியல, டயர் கம்பெனிக்காரங்களே அடிக்கிறாங்களேன்னு விட்டுட்டேன்.

வண்டி குதிக்குதேன்னு உங்களுக்கு ஃபோன் பண்ணா, கதவுகிட்ட ஒட்டியிருக்க ஸ்டிக்கர்ல உள்ளத வைங்கன்னாங்க. அதுல 33. ஆனா அந்த 33 வண்டியோட வந்த சாதா கார் டயருக்கு போட்ட கணக்கு, நீங்க வித்தது எல்டி டயரு (லைட் டிரக், லோடு வண்டிக்கான டைப்பு), அதே எடைய தூக்க அதுக்கு காத்து கொஞ்சம் கூடவே வேணும். இத நான் சொல்லி ஃபோன்ல பேசுன உங்க அம்மா கேட்டுக்கிட்டாங்க, பதில் இல்ல. அப்புறம் மெயில் போட்டேன், "உங்கள் வசதிக்கேற்ப" வெச்சுக்கலாம்னு பதில் வந்துச்சு. என்னங்க இது, ஃபேன் ஸ்பீடா வசதிக்கேத்தாப்ல வெச்சுக்க?

இதவிட பெரிய கூத்து மணல்ல நடந்துச்சு. உங்க நோட்டீஸ்ல வண்டி மணல் மேட்டுல பறக்குற மாதிரி படம் போட்டிருக்கீங்கல்ல, அத நம்பி 45 பிஎஸ்ஐயோடவே எறங்கினேன். இருபதடி போகல, சக்கரம் சுத்த சுத்த கீழ கீழ எறங்கி ஆக்ஸில் வரைக்கும் பொதைஞ்சிடுச்சு. ஒரு மணி நேரம் தோண்டியிருப்பேன். அந்தப் பக்கமா வண்டில வந்த ஒருத்தர் பாத்துட்டு, தம்பி மம்பட்டிய கீழ போடு, மொதல்ல காத்த எறக்குன்னாரு. வால்வு மூடிய கழட்டி உள்ள இருக்க சின்ன ஊசிய சாவி மொனையால அமுக்கி, அப்பப்ப கேஜ வெச்சுப் பாத்து நாலுலயும் 18க்கு கொண்டு வந்தோம். டயரு அடில நீளவாக்குல படிஞ்சு உக்காந்துச்சு, எடை பரவுனதும் ரிவர்ஸ்ல மெல்ல எடுத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி வெளிய வந்துடுச்சு!

அவரே இன்னும் சொன்னாரு. காத்து கம்மியா இருக்கப்ப ஸ்டியரிங்க சடார்னு ஒடிக்காத, பீட் (ரிம்முல கவ்வி உக்காந்திருக்க டயரோட உள் விளிம்பு) ரிம்ம விட்டு கழண்டுடும், சாதா ரிம்முல 12க்கு கீழல்லாம் போகவே கூடாது. சரளைக்கல்லு ரோட்டுன்னா ரோட்டுக்கு வெக்கிறதவிட ஏழெட்டு கொறைச்சுட்டு ஸ்பீடையும் கொறைச்சுக்க. தார் ரோடு ஏறுனதும் மறுபடி அடிக்காம வெரட்டாத, சைடுவால் மடங்கி மடங்கி சூடாகி கிழிஞ்சுடும். காத்து கம்மின்னு டேஷ்போர்டுல எரியுற மஞ்ச லைட்டு காத்து ஏத்துன அப்புறம் போயிடும், பயப்படாத. இத்தனையும் முன்ன பின்ன தெரியாத மனுசன் பத்து நிமிசத்துல சொன்னது. உங்க நோட்டீஸ்ல இருக்கறது "சரியான காற்றழுத்தத்தில் பயன்படுத்தவும்", அவ்ளோதான்.

அதுக்கப்புறம் நானே செக் பண்ண ஆரம்பிச்சேன். காலைல வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் ஆறி இருக்கப்ப 45, ஒரு மணி நேரம் ரோட்டுல ஓட்டி பாத்தா 47 தான். நாலு பிஎஸ்ஐயாச்சும் ஏறலைன்னா காத்து ஏற்கனவே ஜாஸ்தின்னு ஒரு கணக்கு சொல்வாங்க, சட்டம் ஒண்ணும் இல்ல, அனுபவக் கணக்குதான். டிரெட்டுக்கு குறுக்க சாக்பீஸ்ல கோடு இழுத்து நேரா ஓட்டி பாத்தேன், நடுவுல மட்டும் அழிஞ்சுது. கொறைச்சுக்கிட்டே வந்து 38ல கோடு ஒரே மாதிரி அழிஞ்சுது, சூட்டுல 43 காட்டுது. இது என் குத்துமதிப்புதான், ஃபுல் லோடு ஏத்துனா எவ்ளோ கூட்டணும்னு இன்னும் தெரியாது. எவ்ளோ எடைக்கு எவ்ளோ காத்துன்னு சொல்ற லோடு டேபிள் உங்ககிட்டதான் இருக்கு. அத ஒரு கஸ்டமர் சாக்பீஸ வெச்சு கண்டுபுடிக்கணுமா?

எனக்கு வேண்டியது ரெண்டுதான். வாரண்டி கோரிக்கைய திரும்ப எடுத்து பாருங்க. அப்புறம் என் வண்டிக்கு, இந்த சைஸுக்கு, ஆள் மட்டும் இருந்தா எவ்ளோ, லக்கேஜோட எவ்ளோ, சரளை, மணல் இதுக்கெல்லாம் எவ்ளோ, அந்த காத்துல எந்த ஸ்பீடுக்கு மேல போகக்கூடாதுன்னு எழுத்துல குடுங்க, ஃபோன்ல வேணாம்.

டயர் மாட்டின அன்னிக்கு உங்க சென்டர்ல குடுத்த ஜாப் கார்டு இப்பதான் கெடைச்சுது, காப்பி இணைச்சிருக்கேன். காத்துங்கற கட்டத்துல உங்க ஆளு கையெழுத்துல 45ன்னு எழுதி சீல் வெச்சிருக்கு. அத பாத்துட்டு பதில் போடுங்க.

இப்படிக்கு,
உங்க டயர இன்னும் ஓட்டிக்கிட்டு இருக்க கஸ்டமர்