செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தலையில் அடிபட்டு மீண்டு வருவோரும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் கூடும் நம் சங்கம், தீபாவளி மாதம் தவிர எல்லா மாதமும் வழக்கம்போல அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடியது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். முதல் சில கூட்டங்களை இரவில் வைத்தது என் தவறு. அடிபட்ட மூளைக்குப் பொழுது சாய்ந்தாலே அசதி வந்துவிடுகிறது. காலைக்கு மாற்றிய பிறகுதான் பலரும் கடைசிவரை உட்கார்ந்தார்கள்.

"நல்லாத்தானே நடக்கிறாரு, ஏன் இன்னும் வேலைக்குப் போகல?" உறவினர்களின் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே நம் அக்காமார் பலர் களைத்துப்போகிறார்கள். மூளையின் முன்பகுதியில் அடிபட்டவருக்குக் கைகால் நன்றாகவே இருக்கலாம். ஒரு வேலையைத் தொடங்குவதும் வரிசையாகச் செய்வதும் கோபத்தை அடக்குவதும்தான் தடுமாறும். அதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்ல நாம் விடக்கூடாது.

"15-க்கு 14 என்றார்களே, அப்புறம் ஏன் இப்படி?" என்று ஓர் அம்மா கேட்டார். 1974-இல் வெளிவந்த கிளாஸ்கோ அளவுகோலின் எண் அது. கண் திறப்பது, பேச்சு, உடல் அசைவு மூன்றையும் பார்த்து, சுயநினைவு எந்த அளவில் இருக்கிறது என்று 3 முதல் 15 வரை குறிப்பார்கள். ஞாபகமும் சுபாவமும் எப்படி இருக்கின்றன என்று அதில் தெரியாது. அதனால் 14 என்றதும் நிம்மதியாகிவிடாமல் வீட்டில் பார்ப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

என் மனம் நிறைந்தது தேக்காப் பயணத்தில். அடிபட்டவர்கள் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தைக்குத் தாங்களே போய்வரப் பழகும் பயணம் அது. மோட்டார்சைக்கிள் விபத்தில் அடிபட்ட தம்பி ஒருவர், சிராங்கூன் நிலையத்தில் ரயிலேறி ஐந்தாவது நிறுத்தமான லிட்டில் இந்தியாவில் இறங்கி, சந்தையில் மூன்று பொருள் வாங்கி வரவேண்டும். முதல் வாரம் பூன் கெங்கிலேயே இறங்கிவிட்டார். அடுத்த வாரம் கறிவேப்பிலை வாங்கினார், மீன் கடைக்குப் போனார், திரும்பி வந்து மறுபடியும் கறிவேப்பிலை வாங்கினார். அப்புறம் தெரபிஸ்ட் சொன்னபடி பேனாவைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வாங்க வாங்கப் பட்டியலில் கோடு போடப் பழகினார். ஆறாவது வாரம் நான் பத்தடி பின்னால்தான் நடந்தேன். மீதிச் சில்லறையைக்கூட எண்ணி வாங்கினார். அந்தக் காகிதத்தை அவர் மனைவி மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறார். கோணல்மாணலாக மூன்று கோடுகள்.

லெங்கோக் பாருவில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமைந்த எனேபிளிங் வில்லேஜ் வளாகத்துக்கும் ஒருமுறை போய்வந்தோம்.

நமக்கு முடியாமல் போனால் நமக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் எல்பிஏ (Lasting Power of Attorney) பத்திரம் பற்றி ஒரு வார்த்தை. 21 வயது நிரம்பியவர், மனத்தெளிவு இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டியது அது. எழுதாமல் இருந்து, முடிவெடுக்கும் திறன் போய்விட்டால், குடும்பத்தார் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். பராமரிப்பவர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தேக்காவுக்குத் துணை போக இப்போது மூன்று பேர்தான் இருக்கிறோம். காத்திருப்பவர்கள் அதைவிட அதிகம். சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.

செயலாளர்