சீரமா, வைட்டலா: காரைக்குடி வட்டார மேடைக் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கத்துக் குழுக்களில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன்மாருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

மாசி, பங்குனிக் கச்சேரிகள் ஓய்ந்ததும் நம்மவர்கள் கூடுகிற இடமெல்லாம் சீரம் 2 பேச்சாக இருக்கிறது; லேப்டாப்பில் ஓடும் சிந்தசைசர் மென்பொருள், சுருக்கமாக சிந்த். எல்லாரும் பணம் போட்டு வாங்கிவிடலாம் என்று ஒரு கட்சி. லேப்டாப்பை நம்பி மேடை ஏறுவதா, கீபோர்டுக்கு என்ன குறை என்று இன்னொரு கட்சி. அதே மாதிரியான வைட்டல் சும்மா கிடைக்கும்போது எதற்குச் செலவு என்று மூன்றாவது கட்சி. மூன்று கட்சிக்காரர்களும் ஹெட்ஃபோனை மாட்டி டெமோ கேட்டுவிட்டு வந்துதான் சண்டை போடுகிறார்கள். ஹெட்ஃபோனில் எந்த சிந்த்தும் தேனாகத்தான் இருக்கும். நாம் வாசிப்பது முத்துமாரியம்மன் கோயில் வாசலில், ஊர்ப் பொட்டலில், கல்யாண வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில். அங்கே வைத்துப் பார்க்காமல் சொல்லும் தீர்ப்பு எதுவும் செல்லாது என்பது என் கட்சி.

முதலில் அந்தச் சாமானைப் பற்றி. சீரம் 2014ல் வந்தது, ஸ்டீவ் டூடா என்பவர் எழுதியது. அதன் இரண்டாம் பதிப்பு 2025 மார்ச்சில் வெளியானது. ஒலியைப் பிறப்பிக்கும் பகுதியான ஆசிலேட்டர் முந்தையதில் முக்கியமாக இரண்டு, இதில் மூன்று. அடுக்கிவைத்த அலைவடிவங்களிலிருந்து ஒலி எடுக்கும் வேவ்டேபிளோடு, பதிவு செய்த ஒலியை அப்படியே ஏற்றி வாசிப்பது, துகள் துகளாகச் சிதறடித்து வாசிப்பது என்று புது வித்தைகளும் சேர்ந்திருக்கின்றன. கம்பெனிக்காரன் ஆண்டுக்கு ஒருமுறை பணம் பிடுங்குவான் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு ஒரு தகவல்: பழைய சீரத்தைக் காசு கொடுத்து வாங்கியிருந்தவர்களுக்குப் புதியதை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். புதிதாக வாங்குகிறவருக்கு 249 டாலர். நம் பணத்தில் இருபதாயிரத்தைத் தாண்டும். வைட்டல் 2020ல் மேட் டைட்டல் என்ற ஒருவர் எழுதியது. அதன் இலவசப் பதிப்பில் டோன்கள் குறைவே தவிர, உள்ளே இருக்கும் எஞ்சின் முழுமையானது. சர்ஜ் எக்ஸ்டி என்ற இன்னொரு சிந்த் முற்றிலும் இலவசம், அதன் மூல நிரலே பொதுவில் கிடக்கிறது. யமஹா டிஎக்ஸ்7 ஞாபகம் உள்ள மூத்தவர்களுக்கு டெக்ஸ்டு (Dexed) என்று ஒரு சிந்த் உண்டு. 1983ல் வந்த அந்தக் கீபோர்டின் உள்ளம் அப்படியே அதில் இருக்கிறது, அதுவும் இலவசம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எந்த சிந்த் பெரிதாக ஒலிக்கிறது என்ற கேள்வியை விடுங்கள். சுரம் அசைகிறதா, அதைக் கேளுங்கள். நாம் வாசிப்பதில் பாதிக்கு மேல் சினிமாப் பாட்டும் சாமிப் பாட்டும். இரண்டிலும் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, இல்லாத அடி அபூர்வம். கீபோர்டில் பன்னிரண்டு கட்டை, அதில் எங்கே கமகம் வரும் என்று நம்மில் பலர் ஆரம்பத்திலேயே கையைக் கழுவிவிடுகிறார்கள். காரைக்குடிக்காரர்கள் இப்படிச் சொல்லலாமா? காரைக்குடி சகோதரர்கள் சுப்பராமய்யரும் சாம்பசிவய்யரும் பேர் வாங்கிய வீணையில் 24 மெட்டு. ஸ்தாயிக்குப் பன்னிரண்டு. மெழுகில் பதித்த மெட்டு இம்மி நகராது. அப்படியும் தோடி காந்தாரம் அதில் ஊஞ்சலாடுகிறது என்றால், இடது கை விரல் தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பதால்தான். 1952ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற சாம்பசிவய்யரின் வாத்தியமும் பன்னிரண்டு மெட்டுக் கணக்குதான். நமக்குக் கட்டைதான் மெட்டு, சுரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் வீல்தான் இழுப்பு. இவ்வளவுதான் கணக்கு.

இதை சிந்த்தில் கொண்டுவரச் சில வேலைகள் உண்டு. டோனை மோனோவில் (ஒரு நேரத்தில் ஒரே சுரம்) வைத்து, சுரங்களை வெட்டாமல் இணைக்கும் லெகாட்டோவைப் போடுங்கள். வீல் சுரத்தை எவ்வளவு வளைக்கும் என்ற பென்ட் அளவைக் கம்பெனி வைத்த இரண்டு அரைச்சுரத்திலேயே (அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளி ஒரு அரைச்சுரம்) விட்டுவைக்காதீர்கள். சீரத்திலும் சர்ஜிலும் மேல்நோக்கி எவ்வளவு, கீழ்நோக்கி எவ்வளவு என்று தனித்தனியாக வைக்கலாம். வீணையில் இழுத்தால் சுரம் ஏறத்தான் செய்யும், இறங்காது. அதனால் மேலே நான்கு, கீழே ஒன்று அல்லது இரண்டு என்று வைத்துப் பாருங்கள். கை அந்தப் பழக்கத்துக்கு வந்துவிடும். சுரத்தை அடித்துவிட்டு வீலைத் தள்ளுவது ஒரு விதம். வீலை முதலில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு அப்புறம் கட்டையைத் தொட்டு, அங்கிருந்து இறங்கி வருவது இன்னொரு விதம். இரண்டாவதை நம்மில் மிகச் சிலரே வாசிக்கக் கேட்டிருக்கிறேன், அதுதான் காதுக்கு வீணை மாதிரி இருக்கும். ரோலண்ட் கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு வீலுக்குப் பதில் உள்ள லீவர் பக்கவாட்டில் அசைவதால் கொஞ்சம் சொகுசு.

கீபோர்டும் லேப்டாப்பும் பேசிக்கொள்ளும் மொழியான மிடியில் பென்ட்டுக்கு 16,384 படிகள் இருக்கின்றன. நான்கு அரைச்சுரம் இழுத்தாலும் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே காது கண்டுபிடிக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் மலிவான கன்ட்ரோலர் (லேப்டாப்பை வாசிக்கும் கட்டைப் பலகை) பலவற்றின் வீல் அத்தனை படியையும் அனுப்பாது, இழுத்தால் படிக்கட்டு இறங்குவது கேட்கும். அப்போது குறை சிந்த்தில் இல்லை. இன்னொன்று, பென்ட் ஒரு மிடி சேனலில் போகும் எல்லாச் சுரத்துக்கும் பொது. இடது கையில் சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையில் நிஷாதத்தை இழுத்தால் சட்ஜமும் கூடவே போய்விடும், பாடகர் திரும்பி முறைப்பார். இடது கை டோனை ஒரு சேனலிலும் வலது கை டோனை இன்னொன்றிலும் பிரித்து வையுங்கள்.

சுருதிப் பிரச்சினையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாயனக் குழுவும் நாமும் ஒரே திருவிழாவில் மாறி மாறி வாசிக்கும்போது சுருதி ஒட்டவில்லை என்று வித்வான்மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. காற்று சூடானால் காற்றுவாத்தியத்தின் சுருதி ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய மூன்று சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). சாயங்காலத்துக்கும் மதியத்துக்கும் பத்து டிகிரி வித்தியாசம் என்றால் அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குவரை போகக்கூடும். சித்திரை வெயிலில் அவர் நாயனத்தின் ஊதுமுனையான சீவாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். நாம்தான் ஃபைன் டியூனைத் தொட்டு அவர் சுருதிக்குப் போகவேண்டும். அதுபோக, சுருதியின் மேல் அந்தர காந்தாரத்தை நிறுத்திப் பிடித்தால் இயற்கையில் அது 386 சென்ட். நம் கீபோர்டில் 400. அந்த 14 சென்ட் உறுத்தல் சங்கராபரணத்தில் மெதுவாகப் போகும்போது தெரியும். வைட்டலும் சர்ஜும் சுர அளவுகளை எழுதிவைக்கும் ஸ்காலா ஃபைலை ஏற்றுக்கொள்கின்றன, சுரத்துக்குச் சுரம் மாற்றி எழுதிவைக்கலாம். சும்மா கிடைக்கும் இரண்டுக்குமே இந்த வசதி இருக்கும்போது, விலையை வைத்துத் தரம் பேசுவதை நிறுத்துவோம்.

அடுத்தது ரிவர்ப், ஒலிக்குச் சேர்க்கும் செயற்கை முழக்கம். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. டோன் செய்கிறவர் பஞ்சு பதித்த அறையில் உட்கார்ந்து, அறை செத்துக் கிடப்பதால் ரிவர்பையும் டிலேயையும் அள்ளிக் கொட்டி டெமோ தயாரிக்கிறார். அதை அப்படியே கொண்டுபோய் நம் வளவில் திறந்தால் என்ன ஆகும்? முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, தேக்குத் தூண், உயர்ந்த கூரை. ஒரு திரைச்சீலைகூட இல்லாத இடம். கைதட்டினாலே பதில் வரும். போன முகூர்த்தத்தில் ஒரு பழைய வீட்டில் நம் தம்பி ஒருவர் பேட் என்ற நீண்டு பரவும் டோனை விரித்தார், பாடகியின் சொல் ஒன்றுகூட இரண்டாம் கட்டுக்கு எட்டவில்லை. பந்தியில் இருந்த ஆச்சி ஒருவர், "என்னப்பா, பாட்டு ஒரே இரைச்சலா இருக்கு" என்றார். பாட்டில் தவறே இல்லை. வளவில் வாசிக்கும்போது சிந்த்துக்குள் இருக்கும் ரிவர்பை முழுக்க அணைத்துவிடுங்கள். வீடே போட்டுக்கொள்ளும். பொட்டலில் நேர் எதிர்: அங்கே சுவரே இல்லை, கொஞ்சம் ரிவர்ப் வேண்டும். ஆனால் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தால் கீழ்ச் சுரம் எதுவும் வெளியே வராது. சீரத்தில் மூன்று ஆசிலேட்டரை அடுக்கிச் செய்த பாஸ் அங்கே வீண்.

லேப்டாப் நின்றுவிடும் என்ற பயத்துக்குப் பாதி நியாயம் உண்டு. மே மாத மேடையில் சூடு தாங்காமல் பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், துகள் ஆசிலேட்டர் மாதிரி கனமானதை வைத்திருந்தால் ஒலி வெட்டும். ஆனால் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் அந்த இடைவெளியில் கீபோர்டு செத்து மறுபடி பிறக்கிறது, நாம் போட்டு வைத்த டோன் போய்விடுகிறது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. தாமதம் பற்றிக் கேட்பவர்களுக்கு: லேப்டாப் ஒலியை அனுப்புமுன் சேர்த்துவைக்கும் அளவான பஃபர் 256 என்றால் ஏறக்குறைய 6 மில்லிசெகண்ட், 1024 என்றால் 23. சத்தம் பத்து மில்லிசெகண்டில் மூன்றரை மீட்டர் போகும். ஆக 23 என்பது ஸ்பீக்கரிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிப்பதற்குச் சமம். 256க்குக் கீழே வையுங்கள், முடியாவிட்டால் நல்ல சவுண்டு கார்டு வாங்குங்கள். சீரத்துக்கு முன்னால் செலவு செய்ய வேண்டியது அங்கேதான்.

"ஒருத்தர் வாங்கட்டும், எல்லாரும் போட்டுக்கொள்ளலாம்" என்ற யோசனைக்கு நான் வரமாட்டேன். லைசென்ஸ் ஒரு ஆளுக்கு. பூட்டை உடைத்த திருட்டுக் காப்பியும் வேண்டாம். இலவசமாக நேர்மையாக இரண்டு மூன்று கிடைக்கும்போது திருடுவதற்குச் சாக்கும் இல்லை. என்னைக் கேட்டால், மேடை மட்டும் வாசிப்பவருக்கு சர்ஜோ வைட்டலோ போதும். வீட்டில் பதிவு வேலை செய்து, சொந்தமாக ஒலி செய்கிறவர் சீரம் 2 வாங்கலாம், காசுக்கு வஞ்சகம் இல்லை.

பதிவு என்றதும் இன்னொரு பேச்சு. சீரம் 2ல் பல சுரங்களாகப் பதிந்த ஒலியை ஏற்றலாம் என்பதால், நம்மூர் நாயன வித்வான் ஒருவரை உட்காரவைத்து ஒவ்வொரு சுரமாக ஊதச்சொல்லிப் பதிந்துகொண்டால், கம்பெனி டோனைவிட அசலாக இருக்கும் என்று சிலர் கிளம்பியிருக்கிறார்கள். ஆசை நியாயமானது. கம்பெனி நாயனத்தைக் கேட்டால் எனக்கும் பல் கூசும். ஆனால் ஒரு விஷயம். நாயனக் குழுவில் முன்பெல்லாம் ஒத்து (சுருதியை மட்டும் விடாமல் ஒலிக்கும் குழல்) ஊதுவதற்கென்றே ஒருவர் இருப்பார். மின்சாரச் சுருதிப்பெட்டி வந்தது, அவர் நாற்காலி காலியானது. பெட்டியை யாரும் குற்றம் சொல்லவில்லை, அவருக்கு என்ன ஆனது என்றும் யாரும் கேட்கவில்லை. இப்போது நாம் பதிய நினைப்பது ஒத்தை இல்லை, வித்வானின் மூச்சை. அரை நாள் ஊதவைத்து, டீயும் வடையும் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த தையில் அதே வீட்டுக் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடாமல் நம்மைக் கூப்பிட்டால் போதும் என்று பேசி முடிப்பது எப்படி? பதிவுக்குத் தனிச் சம்பளம் பேசுங்கள். எந்தக் குழுக்கள் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முகூர்த்த நேரத்தில் அந்த டோனைத் தொடமாட்டோம், கெட்டிமேளம் தவிலுக்கும் நாயனத்துக்கும் உரியது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். கெட்டிமேளத்தை மின்சார டிரம் பேடில் அடிக்கும் கொடுமையை இரண்டு இடத்தில் பார்த்துவிட்டேன், மூன்றாவது வேண்டாம்.

புதுமைக்கு நான் எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். பக்கத்துக் குன்றக்குடியில் பிறந்த வைத்தியநாதன் வயலினில் செய்யாத வித்தை இல்லை. சம்பிரதாயக்காரர்கள் முகம் சுளித்தார்கள், ஜனங்கள் கோயில் கோயிலாகப் போய்க் கேட்டார்கள். தேவகோட்டை ரஸ்தாவில் 1940களிலேயே ஏ.வி.எம். ஸ்டூடியோ நடந்த ஊர் இது.

ஆகவே என் வேண்டுகோள். சேர்ந்து பணம் போடுவது பற்றிக் கை தூக்குவதற்கு முன்னால் ஒரு சோதனை வைப்போம். பழைய வளவு ஒன்றில் மத்தியானம் கூடுவோம், பொழுது சாய்ந்ததும் பொட்டலுக்குப் போவோம். சீரம் 2, வைட்டல், சர்ஜ் மூன்றையும் ஒரே லேப்டாப்பில் ஏற்றிவைப்போம். சீரத்துக்குச் சோதனைப் பதிப்பு போதும். கூடவே ஒரு நல்ல கீபோர்டு. நாயன வித்வான் ஒருவரைச் சம்பளம் கொடுத்து அழைப்போம். அவர் தோடியில் நான்கு வரி வாசிக்கட்டும், ஒவ்வொருவரும் அதை வாங்கி வாசிக்கட்டும். எதில் கை ஒட்டுகிறது என்று அவரே சொல்லட்டும். வித்வானின் சம்பளத்தில் என் பங்கை இப்போதே தருகிறேன். என் சவுண்டு கார்டையும் மிக்ஸரையும் கொண்டுவருகிறேன். வீட்டுச் சாவி வைத்திருப்பவர்களிடம் பேசுவது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், இரண்டு டேபிள் ஃபேன், இந்த மூன்றும் உங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்களில் ஒரு கீபோர்டுக்காரன்
காரைக்குடி