சோம்பேறி ஆமையாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பின் சிறுவர் பக்கத்தில் கடல் ஆமையையும் செங்கழுத்து ஹம்மிங் பறவையையும் ஒப்பிட்டு வந்த கட்டுரையைப் படித்தேன். 'ஆமையைப்போல் சோம்பிக் கிடக்காதே, இந்தப் பறவையைப்போல் சுறுசுறுப்பாக இரு' என்று குழந்தைகளுக்கு உபதேசம் செய்திருக்கிறீர்கள். மிக்க மகிழ்ச்சி.

பறவையின் பெருமையை நான் மறுக்கவில்லை. 3 கிராம் உடம்பை வைத்துக்கொண்டு மெக்சிகோ வளைகுடாவை, சுமார் 800 கிலோமீட்டர், எங்கும் உட்காராமல் கடக்கிறது. ஆனால் அதே பறவை குளிர்ந்த இரவுகளில் உடல் சூட்டையும் இதயத் துடிப்பையும் குறைத்துக்கொண்டு செத்ததுபோல் கிடக்குமே, அதற்கு உங்கள் கட்டுரையாளர் என்ன பெயர் வைப்பார்?

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் குடியிருப்பவள். ஜனவரி பிறந்துவிட்டால், ஆமை முட்டைகளைக் காப்பாற்றுவதற்காக இரவில் தேடி நடக்கும் கல்லூரிப் பிள்ளைகளோடு நானும் போவதுண்டு. இங்கே முட்டையிட வரும் கடல் ஆமையை மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். 40 கிலோ உடம்பை இழுத்துக்கொண்டு கரையேறும். பின்துடுப்புகளை மாற்றி மாற்றி வளைத்து, கையால் அள்ளுவதுபோல் மணலை அள்ளி வெளியே வைக்கும். குழி தயாரானதும் சுமார் நூறு முட்டை இடும். பிறகு மூடிவிட்டு, தன் உடம்பையே இப்படியும் அப்படியும் ஆட்டி மணலைத் தட்டிக் கெட்டிப்படுத்தும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து கடலுக்குத் திரும்பிவிடும். எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய குழி சென்ற தீபாவளியிலிருந்து திறந்தே கிடக்கிறது. அதைச் சோம்பேறித்தனம் என்று எந்தப் பக்கத்திலும் நீங்கள் எழுதக் காணோம்.

ஏற்கெனவே 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று ஊரே அதைக் கரித்துக்கொட்டுகிறது. நீங்கள் வேறு சேர்ந்துகொள்ள வேண்டுமா? 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கினவே, அவை மெதுவாக நகர்ந்ததாலா செத்தன? ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி என்பது தாங்கள் அறியாததல்ல. இழுவை வலையில் சிக்கினால் மேலே வர வழியின்றி மூச்சுமுட்டிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அது மீறப்படுவதைப் பற்றி அப்போதே தங்களுக்கு விரிவாக எழுதினேன். பிரசுரமாகவில்லை. நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே நான்கு வரிச் செய்தி மட்டும் வந்தது.

இன்னொன்று. ஹம்மிங் பறவை என்று நீங்கள் அச்சிட்ட படத்தில் செம்பருத்திக் கிளையில் உட்கார்ந்திருப்பது நம்மூர் ஊதாத் தேன்சிட்டு. ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. நாளைக்கு எந்தக் குழந்தையாவது தேர்வில் இதை எழுதிவிட்டு மதிப்பெண் இழந்தால் அதற்கும் ஆமையைத்தான் திட்டுவீர்களோ, என்னவோ.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் சரியான படத்தைப் போடுங்கள். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தைக் கண்டு சாலைப் பக்கம் வந்துவிடுவதால், கடலோரத்தில் வசிப்பவர்கள் மார்ச், ஏப்ரல் இரவுகளில் வெளிவிளக்குகளை அணைக்கும்படி ஒரு கட்டச் செய்தியும் போடுங்கள். இடம் போதாவிட்டால் ராசிபலனில் இரண்டு ராசிகளைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சென்னை.