ஆண்டுச் சந்தா வாங்கிவிட்டுப் பாட்டைப் பாதியில் நிறுத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, எதற்காக அந்தச் சந்தாவைக் கட்டினோமோ அதையே நடுவில் எடுத்துவிடும் இணையச் சேவைகளைப் பற்றி எழுதுகிறேன். என் அனுபவம் ஒரு கரோக்கே செயலியோடு. பெயர் வேண்டாம், இதே வேலையைச் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள்.

அந்தச் செயலியில் தனியாகவும் பாடலாம், சேர்ந்தும் பாடலாம். சேர்ந்து பாடுவதுதான் அதன் உயிர். ஒருவர் டூயட்டில் தன் பகுதியை மட்டும் பாடிப் பதிவுசெய்து, மற்றவர்களுக்குத் திறந்து வைப்பார். இன்னொருவர் தனக்கு நேரம் கிடைக்கும்போது மீதியைப் பாடி முடிப்பார். திருச்சியில் இருக்கும் என் அண்ணி மதியம் பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டுப் பாடி வைத்தால், சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கும் நான் வேலை முடிந்து வந்து இரவில் என் பங்கைச் சேர்ப்பேன். ஜோகூரில் ஒரு தோழி, தேக்காவில் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் என்று எங்கள் குழுவில் ஆட்கள் சேர்ந்தார்கள். பாட்டுக்குக் கீழே கருத்து எழுதலாம். என் அம்மா பாடமாட்டார், கருத்து மட்டும்தான். செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, "இரண்டாவது வரியில் மூச்சை விட்டுவிட்டாய், உன் அண்ணி விடவில்லை பார்" என்று எழுதுவார். பாராட்டு அபூர்வம். "பரவாயில்லை" என்று எழுதிவிட்டால் அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியாது.

சென்ற மாதம் வந்த புதிய பதிப்பில் குழு, திறந்த டூயட், கருத்து, தனிச்செய்தி எல்லாம் போய்விட்டன. இனி உங்கள் குரலில் மட்டுமே கவனம், எல்லாம் எளிமை என்று ஒரு வரி அறிவிப்பு. தனியாகப் பாடலாம், செயலி மதிப்பெண் போடும், அவ்வளவுதான். பழைய பதிவுகள் இருக்கின்றன. ஆனால் யாரும் முடிக்காத டூயட்டுகள் அப்படியே அந்தரத்தில் நிற்கின்றன. அண்ணி நிறுத்திய இடத்தில், நான் பாட வேண்டிய நான்கு வரிக்கு வெறும் தபேலா ஓடுகிறது. பிறகு அண்ணி மறுபடி வருகிறார். அம்மா எழுதியதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை முன்னால் சொல்லவில்லை.

வாட்ஸ்அப் இருக்கிறதே, அங்கே போக வேண்டியதுதானே என்றான் என் மகன். போனோம். ஒரு வாரத்துக்குள் அது ரோஜாப்பூ போட்ட காலை வணக்கக் குழுவாகிவிட்டது. அங்கே பாட்டை அனுப்பலாம், சேர்ந்து பாட முடியாது. இரண்டு குரலையும் இசையையும் தாளம் பிசகாமல் ஒட்டித் தருவதுதான் அந்தச் செயலி செய்த வேலை, அதற்குத்தான் பணம் கட்டினோம். தனியாகப் பாடுவதற்கு யூடியூபில் கரோக்கே இசை இலவசமாகவே கொட்டிக் கிடக்கிறது.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இருக்கலாம். நாலு பேர் கூடும் இடத்துக்குக் காவல் வேண்டும். முன்பின் தெரியாத ஆண்கள் பாடும் பெண்களுக்கெல்லாம் 'ஹாய் டியர்' என்று எழுதுவதை நானே பார்த்துப் புகார் செய்திருக்கிறேன். அதையெல்லாம் படித்து நீக்க ஆள் போட வேண்டும், செலவுதான். அதைக் காரணமாகச் சொல்லியிருந்தால் கோபம் பாதி அடங்கியிருக்கும். 2021 நவம்பரில் யூடியூப் 'பிடிக்கவில்லை' எண்ணிக்கையை மறைத்தபோது, சிறிய படைப்பாளர்களைக் குறிவைத்துத் தாக்குவதைத் தடுக்கத்தான் என்று சொன்னது. ஏற்காதவர்கள் ஏராளம்; ஆனாலும் எதிர்த்து வாதாட ஒரு காரணமாவது கையில் இருந்தது. கரோக்கே நிறுவனத்திடம் எழுதிக் கேட்டதற்கு எனக்கு வந்த பதிலில், மிகச் சிலரே பயன்படுத்துகிறார்கள் என்பது மட்டும்தான்.

இந்தச் 'சிலரே' கதையை நான் நம்புவதில்லை. பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை 2017இல் இப்படிச் சொல்லித்தான் செய்தி அனுப்பும் வசதியை எடுத்தது. 2025 ஆகஸ்டில் செய்தி வசதி திரும்ப வந்துவிட்டது, ஏதோ புதுச் சரக்கு போல. சரி, சிலர்தான் என்றே வைத்துக்கொள்வோம். யார் அந்தச் சிலர்? இலவசமாக வந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போகிறவர்கள் குழு வைத்து நடத்துவதில்லை. ஆண்டுக்கணக்கில் காசு கட்டி உட்கார்ந்திருப்பவர்கள்தான் நடத்துகிறார்கள்.

நம் ஊரில் பலருக்கு இது பழகிய கதை. 2019இல் சுகாதார மேம்பாட்டு வாரியம் காலடி எண்ணும் கைப்பட்டை விற்கும் ஃபிட்பிட்டுடன் சேர்ந்து தொடங்கிய திட்டத்தில் பலர் அந்தப் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டார்கள். நண்பர்களோடு காலடிப் போட்டி போடும் வசதியை ஃபிட்பிட் 2023 மார்ச் 27ஆம் தேதி நீக்கியது. காலடி எண்ணும் கருவி கையிலேயே இருந்தது. நம்மை முந்திக்கொண்டு போகிற பக்கத்து வீட்டுக்காரர்தான் காணாமற்போனார். இன்னும் பழைய காயம், மின்மடலில் கூடிப் பேசிய யாகூ குழுமங்கள். மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற தமிழ்க் குழுமங்களில் எழுதிப் பழகியவர்கள் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். 2019 அக்டோபரில் அறிவித்து, டிசம்பரிலேயே பழைய மடல்களை அழிக்க நாள் குறித்தார்கள். கூச்சல் எழுந்த பிறகுதான் இறக்கிக்கொள்ள ஜனவரி இறுதிவரை நேரம் கிடைத்தது. 2020 டிசம்பர் 15ஆம் தேதி மொத்தமாக மூடியாயிற்று. அதுவாவது காசு வாங்காத சேவை.

நான் கட்டியது காசு. மாதச் சாப்பாட்டுக்குப் பணம் வாங்கிய கடைக்காரர் பாதி மாதத்தில் "இனி வெறும் சோறுதான், குழம்பு கிடையாது" என்றால் மிச்சப் பணத்தைக் கேட்போமா, மாட்டோமா? இங்கே கேட்டால் செயலிக் கடையிடம் கேளுங்கள் என்கிறது நிறுவனம். நிறுவனத்திடம் கேளுங்கள் என்கிறது கடை. இத்தனைக்கும் 2020 ஜனவரி 1 முதல் வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கும் இங்கே பொருள் சேவை வரி உண்டு; இப்போது 9 விழுக்காடு. என் ரசீதிலும் அது தனியாகப் போட்டிருக்கிறது. வரி வாங்கும்போது நான் சிங்கப்பூர் வாடிக்கையாளர் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது.

வாங்குபவர் இங்கே வசித்தால் நம்முடைய பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வெளிநாட்டு விற்பனையாளருக்கும் பொருந்தும். ஆனால் இங்கே ஒரு மேசை நாற்காலிகூட இல்லாத நிறுவனத்தை, ஓராண்டுச் சந்தாவுக்காக யார் நடுவர் மன்றத்துக்கு இழுப்பார்கள்? தனித்தனியாக ஆளுக்குச் சில வெள்ளி. அதனால்தான் அவர்களுக்கு இந்தத் துணிச்சல். பயனீட்டாளர் சங்கம் இத்தகைய புகார்களைச் சேர்த்து எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முக்கிய வசதியை எடுப்பதானால் குறைந்தது மூன்று மாதம் முன்னதாகச் சொல்லட்டும். எழுதியது, பாடியது எல்லாவற்றையும் மற்றவர்களின் கருத்துகளோடு சேர்த்து இறக்கிக்கொள்ள வழி தரட்டும். மிச்ச மாதங்களின் பணம் நாம் கேட்காமலே திரும்பட்டும். புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை; செயலிகளை விற்கும் கடைகள் நினைத்தால் நாளைக்கே விதியாக வைக்கலாம், ஒவ்வொரு விற்பனையிலும் அவர்களுக்குப் பங்கு இருக்கிறதே.

இன்னொன்று. மூத்தோரை மின்னிலக்க உலகத்துக்கு அழைப்பது நம் அரசாங்கம் 2020இலிருந்து முனைந்து செய்துவரும் வேலை. சமூக மன்றத்தில் மின்னிலக்கத் தூதராக இருந்த ஒரு சீன இளைஞர்தான் அம்மாவுக்குக் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையை வைத்துக் கொடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, இருவரும் எப்படியோ முடித்துவிட்டார்கள். இப்போது வேறு செயலி போட்டுத் தருகிறேன் என்றால், "அதையும் பழகினபிறகு எடுத்துவிடுவான்" என்கிறார். என்னிடம் பதில் இல்லை.

இதே நிலையில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு தகவல்: செயலியை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடாது, ஆண்டு முடிந்ததும் தானாகப் பணம் பிடித்துக்கொள்ளும். ஐஃபோனில் அமைப்புகளுக்குள் உங்கள் பெயரைத் தொட்டு, சந்தாக்கள் பகுதியில் நிறுத்த வேண்டும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோருக்குள் அதே பகுதி இருக்கிறது. நிறுத்துவதற்கு முன்னால் உங்கள் பதிவுகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகத்தான் இறக்க முடிகிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்