வெளிநாடு செல்வதால் அவசர விற்பனை

ஒட்டுசுட்டான்

அன்பின் ரவி,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கால்வலி பழையபடிதான், வயலுக்குப் போவதை மட்டும் நிறுத்தமாட்டா. நான் போன் எடுப்பதில்லை என்று குகனிடம் திட்டினாயாம். திட்டு. ஆனால் இதை முழுக்க வாசித்துவிட்டுத் திட்டு.

மூத்தவளுக்கு லப்டொப் வாங்கியாயிற்று. பழசுதான். முகத்தைச் சுளிக்காதே. அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறவளுக்குத் தேவையான மாதிரிப் புதிது எடுத்தால் இரண்டு இலட்சத்தைத் தாண்டும், நெல் என்ன விலைக்குப் போனது என்று உனக்குத் தெரியும். அதனால் இணையத்தில் விளம்பரம் பார்க்கத் தொடங்கினேன்.

அந்த விளம்பரங்களை நீ வாசிக்க வேண்டும் மச்சான். "வெளிநாடு செல்வதால் அவசர விற்பனை." மோட்டார் சைக்கிள், பிரிட்ஜ், தண்ணீர் பம்ப், எதை எடுத்தாலும் அதே வசனம். இத்தனை பேரும் உண்மையாகப் போயிருந்தால் வன்னியில் மாடு சாய்க்கக்கூட ஆள் மிஞ்சியிராது. ஆளை இழுக்கச் சொல்லும் சாட்டு என்றுதான் நினைத்தேன்.

லப்டொப் விளம்பரத்தில் புரசசர், அதாவது கணினியின் மூளை, 'ஐ5' என்று மட்டும் போடுவார்கள். அதை நம்பாதே. அதற்குப் பின்னால் வரும் இலக்கம்தான் விஷயம்: 6300 என்றால் ஆறாம் தலைமுறை, 8250 என்றால் எட்டாவது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஆறையும் ஏழையும் துடைத்து மினுக்கிப் படம் போடுகிறார்கள். வவுனியாவில் ஒருவர் திங்க்பாட் ரி480 என்று போட்டிருந்தார். அடிப்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், அதற்கு முந்தின மொடலான ரி470 என்று இருந்தது. வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இன்னொருவர் சாமானைக் காட்ட முதலே 5,000 முற்பணம் போடச் சொன்னார். ஊர், பெயர், அடையாள அட்டை என்று அடுக்கடுக்காகக் கேட்டேன், ஆள் என்னை புளொக் பண்ணிவிட்டார்.

கடைசியில் பரந்தனில் ஒரு பெடியன், அவனிடம் ஒரு ரி480. சந்தியில் வைத்துத் தருகிறேன் என்றான், வீட்டுக்கே வருகிறோம் என்றேன். முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்தோம். கச்சானும் வாங்கினோம், உனக்கு இல்லை.

பார்த்ததெல்லாம் மகள்தான். கறுப்புத் திரையைத் திறந்து ஏதோ ரைப் பண்ணிப் பற்றறி அறிக்கை எடுத்தாள். இந்த ரி480க்கு உள்ளே ஒன்று, வெளியே கழற்றக்கூடியது ஒன்று, இரண்டு பற்றறி. புதிதில் ஒவ்வொன்றும் 24 வாட் மணி மின்சாரம் பிடிக்கும். உள்ளேயிருப்பது 19 பிடித்தது, வெளியேயிருப்பது 9க்கு வந்துவிட்டது. பிறகு எஃப்1 அழுத்தி, விண்டோஸுக்கு முதலே திறக்கும் பயோஸ் என்ற அமைப்புக்குள் போனாள். அங்கே யாராவது சூப்பர்வைசர் பாஸ்வேட் போட்டிருந்தால் அதோடு எழும்பி வந்துவிட வேண்டுமாம். கம்பனிகள் கழித்த மெஷின்களில் அது இருக்கும், தெரியாவிட்டால் மதர்போர்டை மாற்றும் அளவுக்குப் போகும். இதில் இல்லை. யூஎஸ்பி துளைகள், ஒவ்வொரு எழுத்தும் வேலை செய்கிறதா, ஒன்றும் விடவில்லை. 85,000 சொன்னான். வெளிப் பற்றறியைக் காட்டி 76,000க்கு இறக்கினேன். வாங்கிய பில்லையும் அடையாள அட்டைப் பிரதியையும் கேட்காமலே தந்தான்.

தன் கணக்கை நீக்கி எல்லாவற்றையும் அழித்துத் தரச் சொன்னோம். அழிக்க முதல் படங்களைப் பென்டிரைவில் ஏற்றித் தாயிடம் கொடுத்தான். அந்த வீட்டில் அதைப் போட்டுப் பார்க்க வேறு கணினி இல்லை.

"எங்கே தம்பி போகிறாய்?" என்றேன்.

"முதல் ஒரு நாட்டில் இறக்குவினமாம் அண்ணை. மிச்சம் பிறகு சொல்லுவினமாம்."

கொட்டிலில் கலப்பை மட்டும் கிடந்தது, உழவு இயந்திரம் இல்லை. எவ்வளவு கட்டினாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ரவி, 5,000 கேட்டவனை நான் குடைந்த குடைச்சலில் பாதிகூட இந்தப் பெடியன் தன்னை அனுப்பும் ஏஜென்சிக்காரனைக் குடையவில்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் கிடந்து வெறுத்துப் போனவர்களை விளங்கிக்கொள்ளலாம். இவன் வயரிங் தெரிந்தவன், கிளிநொச்சியில் வேலை இருக்கிறது. எங்கே இறக்குவார்கள் என்று தெரியாமல் ஒருத்தன் ஏறப் போகிறான், நான் பற்றறிக்கு 9,000 குறைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன். இரவு மகளும் அதைத்தான் கேட்டாள். பதில் சொல்லாமல் வெளியே போய்விட்டேன்.

பேச்சோடு பேச்சாக ஏஜென்சியின் பெயரைக் கேட்டு வைத்திருக்கிறேன், வட்ஸ்அப்பில் தனியாக அனுப்புகிறேன். பத்தரமுல்லையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்குப் போய் அனுமதிப்பத்திரம் உள்ள முகவர்தானா என்று விசாரி. மாதக் கடைசியில் பயணமாம், ஆகவே உன் வழக்கமான 'பார்ப்பம்' வேண்டாம். இல்லையென்று தெரிந்தால் நானே பரந்தனுக்குப் போய்த் தாயோடு கதைக்கிறேன். ஏசினால் ஏசட்டும்.

அப்படியே பம்பலப்பிட்டிப் பக்கம் இதற்கு வெளிப் பற்றறி கிடைக்குமா என்று பார். 72 வாட் மணிப் பெரியதும் பொருந்துமாம், கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும், பரவாயில்லை. விலையை முதலில் சொல், வாங்கிவிட்டுச் சொல்லாதே. உன் மேசை விசிறிக் கதை ஒன்று போதும்.

அன்புடன்,
சிவம்