கேபிள் கார்டைத் திருப்பிக் கொடுத்த கதை

கொலம்பஸ், ஒஹாயோ

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. உன் பெண்ணுக்குத் தஞ்சாவூரிலேயே வேலை கிடைத்ததையும், மூட்டுவலி குறைந்து நீ மறுபடி மாடிப்படி ஏற ஆரம்பித்திருப்பதையும் மீனாவிடம் சொன்னேன். இரண்டுக்கும் ரொம்ப சந்தோஷப்பட்டாள். இங்கே எல்லோரும் நலம். பெரியவன் சியாட்டிலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். திருவையாற்றுப் பஞ்சரத்தினக் கீர்த்தனை ஒளிபரப்பை ஆண்டுதோறும் கணினியில் பதிந்து வைக்க ஆசைப்படுகிறாய். "நீ அங்கே கேபிள் டிவியையே கம்ப்யூட்டரில் ரிக்கார்டு பண்ணுகிறாயாமே, எப்படி?" என்று கேட்டிருந்தாய். பல வருஷம் பண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது இல்லை. கேபிள் கார்டு, அதாவது சேனல்களின் பூட்டைத் திறக்கும் சின்ன அட்டை, அதன் வழியாகக் கொடுக்கும் சேவையை நிறுத்தப்போவதாக கேபிள் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. போன மாதம் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். முழுசாகச் சொல்கிறேன், உன் திட்டத்துக்கு உபயோகப்படும்.

இங்கே டிஜிட்டல் கேபிள் வீட்டுக்குள் வருவது கோஆக்ஸ் என்கிற ஒரே ஒரு தடித்த வயரில்தான். அதில் 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பாதைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பாதையிலும் நொடிக்கு 38 மெகாபிட்டுக்கு மேல் தரவு ஓடும். இரண்டு மூன்று எச்டி சேனல்கள் ஒரு பாதையில் அடங்கிவிடும். ட்யூனர், அதாவது சேனலைப் பிடிக்கும் கருவி ஒன்றை அந்தப் பாதைக்குத் திருப்பி, வேண்டிய சேனலின் தரவை மட்டும் பிரித்து ஹார்ட் டிஸ்கில் எழுதினால் அதுதான் ரிக்கார்டிங். நாம் வீடியோ டெக்கில் பதிந்த காலத்தில் பிரதிக்குப் பிரதி படம் மங்கிக்கொண்டே போகும், ஞாபகம் இருக்கிறதா? இதில் அந்தப் பேச்சே இல்லை. கம்பெனி அனுப்பிய பிட்டுகள் அப்படியே டிஸ்கில் உட்காரும். நொடிக்கு 15 மெகாபிட் ஓடும் எச்டி சேனல் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும்.

தரவு பூட்டப்பட்டு வருவதில்தான் சிக்கல். பூட்டைத் திறக்கும் வேலையைக் கம்பெனியின் செட்டாப் பாக்ஸ் செய்கிறது, அதற்கு மாதாமாதம் வாடகை. 1996ல் இந்த நாட்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் 629வது பிரிவு என்று ஒன்று வந்தது. கேபிள் பார்க்கும் கருவியை மக்கள் கடையில் வாங்கிக்கொள்ள வழி இருக்க வேண்டும், கம்பெனியிடம் மட்டுமே கை நீட்டும் நிலை கூடாது என்பது அதன் கருத்து. அதிலிருந்து பிறந்ததுதான் கேபிள் கார்டு. 2004லிருந்து, கேட்கும் வாடிக்கையாளருக்கு அதைக் கொடுத்தாக வேண்டும் என்றாகியது. பழைய லேப்டாப்களின் பக்கவாட்டில் ஒரு கார்டு செருகுவோமே, அதே அளவு உலோகத் தகடு. பூட்டைத் திறக்கும் வேலை முழுக்க அதற்குள். 2007 ஜூலையில் இன்னொரு விதியும் வந்தது. கம்பெனிகள் தாங்கள் வாடகைக்கு விடும் புதுப் பெட்டிகளிலும் இதே கார்டைத்தான் போட வேண்டும். அவர்களும் அதையே நம்பியிருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்ய வைப்பார்கள் என்ற எண்ணம். நல்ல எண்ணம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

நான் இதில் இறங்கியது 2012ல். அதற்கு முன்னால் விண்டோஸ் விஸ்டா காலத்தில் இதற்கென்றே தயாரித்த கணினியை வாங்கினால்தான் கார்டு வேலை செய்யும். விண்டோஸ் 7 வந்த சமயத்தில் அந்தக் கட்டுப்பாடு போனது, சாதாரணக் கணினியே போதும் என்றானது. எச்டிஹோம்ரன் பிரைம் என்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி, அதில் மூன்று ட்யூனர். கோஆக்ஸ் வயரை ஒரு பக்கம் திருகி, கார்டைப் பின்னால் செருகி, நெட்வொர்க் கேபிளை ரவுட்டரில் மாட்டினால் வீட்டிலுள்ள கணினி அதைக் கண்டுபிடித்துவிடும்.

செருகினால் மட்டும் படம் வராது. உலாவியில் அந்தப் பெட்டியின் பக்கத்தைத் திறந்தால் மூன்று நீளமான எண்கள் தெரியும். ஒன்று கார்டுடையது, ஒன்று பெட்டியுடையது, மூன்றாவது இரண்டும் சேர்ந்து உண்டாக்கியது. அவற்றைப் போனில் ஒவ்வொரு இலக்கமாகப் படித்துக் காட்ட வேண்டும். அந்தப் பக்கம் இருப்பவர் தங்கள் கணினியில் ஏற்றினால் கார்டும் பெட்டியும் ஜோடி சேரும். எனக்கு முதலில் கிடைத்த பெண்ணுக்குக் கேபிள் கார்டு என்றால் என்னவென்றே தெரியவில்லை. "உங்கள் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எங்கள் கம்பெனியில் விஷயம் தெரிந்த ஒரு பிரிவு தனியாக இருக்கிறது என்று வீட்டுக்கு வந்த டெக்னீஷியன்தான் காதோடு காதாக ஒரு நம்பர் கொடுத்தார். அதில் கூப்பிட்டவுடன் வேலை முடிந்தது. முதல் சேனல் திரையில் வந்தபோது, இலங்கையின் ரூபவாகினி டிவியைப் பிடிக்க உங்கள் மொட்டை மாடியில் பூஸ்டர் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே நீ "தெரியுதா? தெரியுதா?" என்று கத்தியதுதான் நினைவுக்கு வந்தது.

அதன் பிறகு வந்த வருஷங்கள் அருமையானவை. மீடியா சென்டர் என்ற மென்பொருள் விண்டோஸ் 7லேயே இருந்தது. இரண்டு வாரத்துக்கான நிகழ்ச்சி அட்டவணையைக் காட்டும். ஒரு தொடரைக் குறித்து வைத்தால் அதுவே பார்த்துப் பதிந்துகொள்ளும். ஒரே நேரத்தில் மூன்று நிகழ்ச்சி. கூடத்து டிவிக்குப் பக்கத்தில் பையனின் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டி இருந்தது. அதன் வழியாக மேல்மாடிக் கணினியில் பதிந்ததைக் கீழே பார்க்கலாம். வாடகைப் பெட்டி ஒன்றுகூட வீட்டில் இல்லை. கார்டுக்கான சின்ன வாடகை மட்டும்தான். காம்ஸ்கிப் என்றொரு இலவச மென்பொருள், படம் கறுப்பாகும் இடத்தையும் சேனலின் முத்திரை மறையும் இடத்தையும் பார்த்து விளம்பரம் எது என்று கண்டுபிடித்துவிடும். உள்ளூர் நிலைய நிகழ்ச்சிகளை அதில் ஓடவிட்டுப் பார்ப்போம்.

ஆனால் சேனலோடு சேர்ந்து ஒரு குறியும் வருகிறது, முருகேசா. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. தாராளமாகப் பிரதி எடுக்கலாம், ஒரு பிரதிதான் எடுக்கலாம், எடுக்கவே கூடாது, இந்த மூன்றில் ஒன்றை அது சொல்லும். ஆன்டெனாவில் இலவசமாக வரும் நிலையங்களைக் கேபிளில் கொடுக்கும்போது தடைக்குறி போடக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. மற்ற சேனல்களுக்குக் கம்பெனி போட்டதுதான் குறி. சில கம்பெனிகள் தனிக்கட்டணச் சேனல்களுக்கு மட்டும் போட்டன. சில, உள்ளூர் நிலையங்களைத் தவிர எல்லாவற்றுக்கும் போட்டன. எங்கள் கம்பெனி இரண்டாவது வகை. 'ஒரு பிரதிதான்' என்ற குறி உள்ள சேனலை லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் பதியவே முடியாது, மித்டிவி போன்ற மென்பொருளுக்கெல்லாம் கதவு சாத்தப்பட்டுவிடும். மீடியா சென்டரில் பதியலாம். ஆனால் பதிந்த அந்தக் கணினியிலும் அதோடு இணைத்த எக்ஸ்பாக்ஸிலும் மட்டும்தான் அது ஓடும்.

இது எனக்கு எங்கே வலித்தது என்று சொல்கிறேன். 2021 ஜனவரி, பிரிஸ்பேன் காபா டெஸ்ட். நம் வாஷிங்டன் சுந்தரும் நடராஜனும் ஒரே ஆட்டத்தில் டெஸ்டில் அறிமுகமானார்கள். 328 ரன் இலக்கைத் துரத்திக் கடைசி நாள் ஜெயித்தோம். இங்கே அது நள்ளிரவு தாண்டி இரண்டரை மணி. மறுநாள் வேலை, உட்கார முடியாது, ரிக்கார்டு போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் போனைத் தொடாமல், யாரோடும் பேசாமல், பந்த் அடித்த கடைசி பவுண்டரி வரை பார்த்தேன். முதல் இன்னிங்ஸில் சுந்தரும் ஷர்துலும் நின்று ஆடியதை, அப்பா ஊரிலிருந்து வரும்போது அவரோடு உட்கார்ந்து மறுபடி பார்க்கலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். அந்த ஆண்டு கோடையில் கணினியின் மதர்போர்டு போய்விட்டது. புதிது மாற்றி, அதே டிஸ்கை மாட்டித் திறந்தேன். உள்ளூர் நிலையத்திலிருந்து பதிந்ததெல்லாம் ஓடியது. கிரிக்கெட் சேனலில் பதிந்தது எதுவும் ஓடவில்லை. ஒளிபரப்பாளர் விதித்த கட்டுப்பாட்டால் இந்தக் கணினியில் இதைக் காட்ட முடியாது என்று ஓர் அறிவிப்பு. கோப்பு இருக்கிறது, பெயர் தெரிகிறது, எத்தனை ஜிபி என்றும் காட்டுகிறது. நகை என் பீரோவில், சாவி கடைக்காரர் இடுப்பில் என்கிற கதை. அந்தச் சேனலுக்கு மாதம் தவறாமல் பணம் கட்டியவன் நான்.

வீட்டில் டிவி நிகழ்ச்சியைப் பதிந்து வைத்துப் பிறகு பார்ப்பது குற்றமில்லை என்று இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1984லேயே சொல்லிவிட்டது. சோனியின் பீட்டாமேக்ஸ் வழக்கு. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். ஆனால் 1998ல் வந்த சட்டம், பூட்டை உடைப்பதே குற்றம் என்றது. பதியும் உரிமை கையில் இருக்கிறது, பதிந்ததைத் திறக்கப் போனால் சட்டம் குறுக்கே நிற்கிறது. இது நியாயமே இல்லை. விற்கவோ ஊருக்கெல்லாம் பிரதி போட்டுக் கொடுக்கவோ நான் கேட்கவில்லை. என் வீட்டில், நான் பணம் கட்டிப் பெற்றதை, இன்னொரு கணினியில் என் அப்பாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழன்றது. 2015ல் விண்டோஸ் 10 வந்தபோது மீடியா சென்டரையே எடுத்துவிட்டார்கள். கம்பெனிகளின் பெட்டியிலும் கார்டு இருக்க வேண்டும் என்ற விதி அதே ஆண்டு டிசம்பரில் செத்தது. 2020 ஜனவரியில் விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் முழுக்குப் போட்டது, நிகழ்ச்சி அட்டவணையும் அதோடு நின்றது. ஆர்வலர் ஒருவர் எழுதிய, அட்டவணையைக் கொண்டுவந்து தரும் ஈபிஜி123 என்ற மென்பொருளை வைத்து நாங்கள் சிலர் ஓட்டிக்கொண்டிருந்தோம். அந்த ஆண்டு செப்டம்பரில், கார்டைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் தொலைத்தொடர்பு ஆணையம் நீக்கிவிட்டது. எல்லாம் இணையத்தில் ஆப் வழியாகப் பார்க்கும் காலம், இனி இது எதற்கு என்பது அவர்கள் வாதம். ஆப்பில் பார்க்கலாம், சரி. இன்று இருக்கும் நிகழ்ச்சி நாளை அதில் இருக்கும் என்று யார் உறுதி கொடுக்கிறார்கள்?

இப்போது பரண்மேல் ஆன்டெனா வைத்திருக்கிறேன். இங்குள்ள பொது ஒளிபரப்பு நிலையம் டபிள்யூஓஎஸ்யூ உள்பட உள்ளூர் நிலையங்கள் எல்லாம் கண்ணாடி மாதிரி வருகின்றன. ஆன்டெனாவுக்கான எச்டிஹோம்ரன், ஒரு சின்ன லினக்ஸ் கணினி, அதில் டிவிஹெட்எண்ட் என்ற பதிவு மென்பொருள். பதிந்தது சாதாரணக் கோப்பு, எதில் வேண்டுமானாலும் ஓடும், வேறு டிஸ்குக்கு மாற்றலாம். ஆனால் அடுத்த தலைமுறை ஆன்டெனா ஒளிபரப்பையும் இங்கே பல நிலையங்கள் பூட்ட ஆரம்பித்துவிட்டன. எச்டிஹோம்ரனால் அந்தப் பூட்டைத் திறக்க முடிவதில்லை. இலவச ஒளிபரப்புக்கே பூட்டு என்பதை எதிர்த்து ஆணையத்துக்கு எழுதியவர்களில் நானும் ஒருவன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேபிள் பெட்டியோடு மல்லுக்கட்டாதே, பூட்டைத் திறக்கும் சமாச்சாரமெல்லாம் ஆபரேட்டர் கொடுத்த பெட்டிக்குள் இருக்கிறது. நீ தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்குப் போ. டிடி தமிழ் அதில் இருக்கிறது, ஆகாசவாணி வானொலி நிலையங்களும் வருகின்றன. ஜிசாட்-15 செயற்கைக்கோள், கிழக்கு 93.5 பாகை. உங்கள் திருச்சியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, நல்ல உயரத்தில் இருக்கும். அதனால் டிஷ்ஷைக் கிட்டத்தட்ட வானத்தைப் பார்க்க வைக்க வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுத் தென்னை மறைக்க வாய்ப்பு குறைவு. செயற்கைக்கோள் சேனல் பிடிக்கும் டிவிபி-எஸ்2 வகை யூஎஸ்பி ட்யூனர் ஒன்று வாங்கு, அதை இயக்கும் லினக்ஸ் மென்பொருள், அதாவது டிரைவர், இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள். உன் பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் போட்டு டிவிஹெட்எண்ட் நிறுவினால் போதும். சாதாரணத் தரச் சேனல் நொடிக்கு 4 மெகாபிட் என்று வைத்துக்கொண்டாலும் மணிக்கு 2 ஜிபியைத் தாண்டாது. ஆராதனை ஒளிபரப்பு நேரம் முன்னே பின்னே ஆகும், அதனால் தொடக்கத்திலும் முடிவிலும் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துப் பதிவு போடு.

ட்யூனர் வாங்குவதற்கு முன்னால் மாடலின் பெயரை எனக்கு எழுது, டிரைவர் விஷயத்தை நான் பார்த்துச் சொல்கிறேன். பதிந்த கோப்பில் ஒரு பிரதி எனக்கும் வேண்டும். மீனா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள். அண்ணிக்கு எங்கள் வணக்கம்.

அன்புடன்,
கண்ணப்பன்