நாற்பது நாள் கழித்து ஒரு பதில்

தஞ்சாவூர்
ஞாயிறு காலை

அன்புள்ள சரோ,

உன் கடிதம் வந்து நாற்பது நாள் ஆகிவிட்டது. நடுவில் இரண்டு தடவை போனில் பேசினோம். மழை, மூட்டுவலி, எதிர்வீட்டுக் கல்யாணம் என்று எல்லாம் பேசினேன். வீட்டை உன் மகன் செந்தில் பெயருக்கு எழுதி வைக்கலாமா என்று நீ கேட்டிருந்ததை மட்டும் நான் எடுக்கவில்லை. நீயும் ஞாபகப்படுத்தவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

வெட்கக்கேடு என்னவென்றால், இந்த நாற்பது நாளில் முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு இதே கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கும் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனதில்லை.

இந்தத் தொழில் எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. இரண்டு வருஷம் முன்பு அண்ணன் மகள் ஒரு மனை வாங்கப் போனாள். நான் சார்பதிவாளராக இருந்தவள் ஆயிற்றே என்று, வில்லங்கச் சான்றில் எதைப் பார்ப்பது என்று கேட்டாள். எனக்கு அந்தச் சின்ன எழுத்தில் தட்டச்சு வராது, அதனால் பேசியே வாட்ஸப்பில் அனுப்பினேன். அவள் அதை ஆபீஸ் குரூப்பில் போட்டாள். அங்கிருந்து யார் யாருக்கோ போய், ஓசூரிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் துபாயிலிருந்தும் "மேடம் வணக்கம், ஒரு சின்ன சந்தேகம்" என்று வர ஆரம்பித்துவிட்டது. சின்ன சந்தேகம் என்று தொடங்குவது எதுவும் சின்னதாக இருந்ததில்லை.

சிலது சுலபம். ஒரு பையன் ரோட்டோரமாக ஒரு மனை, விலை பாதிதான், அப்ரூவல் மட்டும் இல்லை, வாங்கலாமா என்று கேட்டான். 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் அது மனையாகப் பதிவாகியிருக்கிறதா பார், இல்லையென்றால் முன்பணம்கூடக் கொடுக்காதே என்றேன். பாதி விலைக்கு ஒருத்தர் கொடுத்தால் மிச்சப் பாதி எங்கே போனது என்று கேட்க வேண்டாமா? சொந்தக்காரருக்குப் பதிலாக விற்கும் பவர் பத்திரம் வைத்திருப்பவரிடம் வாங்குகிறேன் என்பவர்களிடம், பவர் எழுதிக் கொடுத்த ஆள் உயிரோடு இருக்கிறாரா, நேரில் போய்ப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்பேன். அவர் செத்தால் பவரும் செத்தது. பாதிப் பேர் அங்கேயே அமைதியாகிவிடுவார்கள்.

ஒருவர் கேட்டார், தங்கைக்கு நூறு பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, பூர்வீகச் சொத்தில் இனியும் அவளுக்குப் பங்கு உண்டா என்று. "உண்டு" என்று ஒரே வார்த்தை அனுப்பினேன். "நீங்க பொம்பளை, அப்படித்தான் சொல்வீங்க" என்று பதில் வந்தது. நான் சொல்லவில்லை ஐயா, தமிழ்நாட்டுச் சட்டம் 1989-லேயே சொல்லிவிட்டது, அப்போது கல்யாணமாகாத பெண்களுக்கு மட்டும் என்று இருந்ததை 2005-ல் மத்தியச் சட்டம் கல்யாணமானவர்களுக்கும் திறந்துவிட்டது, 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது என்று விளக்கினேன். அதற்கு அவர் ஒரு கும்பிடு படம் அனுப்பினார். அது நன்றியா, ஆளை விடு என்பதா, இன்றுவரை புரியவில்லை.

ஆனால் மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாக வருவது ஒரே கேள்விதான். வீட்டைப் பையன் பெயருக்கு எழுதி வைத்துவிடலாமா?

இதற்கு நான் வைத்திருக்கும் பதில் மனப்பாடம். செட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்கும் பத்திரம், எழுதினால் பதிவான அன்றே வீடு கைமாறிவிடும். நாளைக்கு மனசு மாறி நீங்கள் மட்டும் தனியாகப் போய் ரத்து செய்ய முடியாது, அவனும் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட். உயில் என்றால் கண் மூடிய பிறகுதான் நடைமுறைக்கு வரும். அதுவரைக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சி வேண்டும். பதிவு செய்வது நல்லது, கட்டாயமில்லை. அதனால் உயில் எழுதுங்கள், செட்டில்மெண்ட் எழுதாதீர்கள்.

இவ்வளவு அடித்துப் பேசுகிறேனே என்று உனக்குத் தோன்றும். முப்பத்துமூன்று வருஷம் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன், சரோ. சார்பதிவாளர் யோசனை சொல்லக்கூடாது. எழுதியவர் இவர்தானா, மனமொப்பி எழுதினாரா என்று கேட்கலாம், அவ்வளவுதான். "நீங்களா சம்மதிச்சு எழுதித் தர்றீங்களாம்மா?" என்று கேட்பேன். அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்கும் மகன் "ஆமாங்க" என்பான். அவரைச் சொல்லச் சொல்லுங்கள் என்பேன். அவரும் "ஆமா" என்பார். அப்புறம் போட்டோ, கைரேகை. வெளியே வேப்பமரத்தடியில் அந்த அம்மாவுக்கு இளநீர் வாங்கிக் கொடுப்பார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.

கடைசியாக வேலை பார்த்த ஊரில் அப்படி எழுதிக் கொடுத்த ஒரு அம்மா மூன்று மாதம் கழித்து மஞ்சள் பையோடு தனியாக வந்தார். "அந்தப் பத்திரத்தைத் திருப்பிக் குடுத்துடுறீங்களா?" என்றார். ஏதோ ரேஷன் கடையில் மாற்றி வாங்கிய அரிசியைக் கேட்பது போல. ஆர்.டி.ஓ.வை, வருவாய்க் கோட்டாட்சியரைப் போய்ப் பாருங்கள், 2007-ல் மூத்த குடிமக்களுக்கென்று வந்த சட்டம் இருக்கிறது என்றேன். அந்தச் சட்டத்தின் 23-வது பிரிவில் வழி உண்டுதான். ஆனால் மகன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதியிருந்தால் வழக்கு நிற்கும், அந்த வரி இல்லாவிட்டால் இழுபறி. அந்த அம்மாவின் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். "அன்பினாலும் பாசத்தினாலும்" என்று இருந்தது. நிபந்தனை எதுவும் இல்லை. பதிவு செய்தது நான்தான்.

ஓய்வு பெற்ற பிறகு வாயைத் திறக்கச் சந்தர்ப்பம் கிடைத்ததும் கொட்டிவிட்டேன் போலிருக்கிறது. இரக்கம் எனக்குக் கொஞ்சம்தான். அடக்கி வைத்ததுதான் நிறைய.

ஹாஸ்டலில் குமுதம் வந்தால் நீ கதையைக் கிழித்துக்கொண்டு போவாய், நான் 'அரசு பதில்கள்' என்ற கேள்வி-பதில் பக்கத்தைப் பிடித்துக்கொள்வேன், ஞாபகம் இருக்கிறதா? அந்த அரசு ஒரு பெரிய மீசைக்காரர் என்று நீ சத்தியம் செய்தாய். எஸ்.ஏ.பி. அண்ணாமலை, ரா.கி. ரங்கராஜன், ஜ.ரா. சுந்தரேசன் என்ற மூன்று பேரின் முதலெழுத்து அது என்று ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. நாலே வரியில் யாருக்கு வேண்டுமானாலும் பட்டென்று பதில். கேட்டவர் திருப்பூரில் இருப்பார், பதில் சொன்னவர் சென்னையில். மறுநாள் ஒரே தெருவில் முகம் பார்த்துக்கொள்ள வேண்டிய அவசியம் இரண்டு பேருக்கும் இல்லை. அந்த சௌகரியம் அப்போது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

போன சித்திரையில் ஒரு சம்பவம். உனக்கு எழுத முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு அம்மா கேட்டிருந்தார், அதே கேள்வி. பேரன் தட்டித் தந்திருந்தான். நான் வழக்கம் போலப் பேசி அனுப்பினேன். சட்டத்தைச் சொல்லி முடித்துவிட்டு, கூடவே ஒரு வரி: "உயிரோடு இருக்கும்போதே வீட்டைக் கேட்கிற பிள்ளை நல்ல பிள்ளையாக இருக்க முடியாது." பேரன் அதைக் கூடத்தில் எல்லோரும் கேட்க ஓடவிட்டிருக்கிறான்.

ஒரு வாரம் கழித்து அந்த வீட்டு மருமகள் போன் செய்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி முடித்திருப்பேன். "அத்தை எங்களோட பன்னண்டு வருஷமா இருக்காங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் டயாலிசிஸ், இவர்தான் லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறாரு. அந்தச் செலவுக்கு வீட்டு மேல லோன் வாங்கலாம்னுதான் கேட்டாரு. உங்க பேச்சைக் கேட்டதிலேருந்து அம்மாவும் பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிறதில்லை" என்றாள். நான் சட்டத்தை மறுபடி ஆரம்பித்தேன். "சட்டம் சரிம்மா. அதை நாங்களும் ஒத்துக்கிறோம். அந்தக் கடைசி வரி எதுக்குச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியாது. அந்த மஞ்சள் பைக்கார அம்மாவின் மகனை நினைத்துக்கொண்டு இவனைத் திட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகும் பதில் சொல்கிறேன். அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். இப்போது முதலில் இரண்டு கேள்வி கேட்கிறேன்: எதற்காக எழுதச் சொல்கிறார்கள், மற்ற பிள்ளைகளுக்குத் தெரியுமா. கேட்டதும் பாதிப் பேர் காணாமல் போகிறார்கள். அவர்களுக்கு "எழுதலாம்" என்றோ "எழுதாதே" என்றோ ஒரு வார்த்தை போதும், அதைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் சண்டை போட. "ரிஜிஸ்டர் ஆபீஸ் மேடமே சொல்லிட்டாங்க" என்று என் பெயரில் எத்தனை வீட்டில் என்னென்ன நடக்கிறதோ.

உன் விஷயத்துக்கு வருகிறேன். வேறு வழியில்லை, தாள் தீரப் போகிறது.

செந்திலை எனக்குத் தெரியும், அதுதான் சிக்கல். மற்றவர்கள் கேட்கும்போது 'மகன்' என்பது எனக்குப் பத்திரத்தில் வரும் ஒரு வார்த்தை. உன் கடிதத்தைப் பிரித்தால், 2019-ல் நான் சென்னையில் முட்டிக்கு அறுவை செய்துகொண்டு கிடந்தபோது ராத்திரி பதினோரு மணிக்குப் பிளாஸ்கில் ரசம் கொண்டுவந்த பையன் நிற்கிறான். அவனைப் பற்றி 'எழுதாதே' என்று எப்படி எழுதுவது? நாளைக்கு அவன் அந்தக் கடிதத்தைப் பார்த்தால்?

சரி, சொல்லிவிடுகிறேன். எழுதாதே, சரோ.

செந்தில் மாறிவிடுவான் என்பதற்காக அல்ல. அவன் சொல்லும் காரணம், பதிவுச் செலவு ஏறிக்கொண்டே போகிறது, இப்போதே முடித்துவிடலாம் என்பது. ஏறியது உண்மை. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை உச்சவரம்பு 25,000 ரூபாயாக இருந்தது, 2023 ஜூலையில் 40,000 ஆக்கினார்கள். பதிவுக் கட்டண உச்சவரம்பும் 4,000-லிருந்து 10,000 ஆனது. மிஞ்சிப்போனால் மொத்தம் ஐம்பதாயிரம். இதற்காக யாரும் அவசரப்பட மாட்டார்கள். உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், அவன் மேடவாக்கத்தில் ஃபிளாட் பார்க்கிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். காரணம் அதுதான். பாளையங்கோட்டை வீடு அவன் பெயரில் இருந்தால் அதை வைத்துக் கடன் வாங்கலாம். தப்பில்லை, பிள்ளைகள் அப்படித்தான் யோசிப்பார்கள். ஆனால் நாளைக்கு அவன் கம்பெனியில் ஆளைக் குறைத்தால், உள்ளே ஒரு எழுபது வயது அம்மா இருக்கிறாள் என்று பார்த்து பேங்க் தவணையைத் தள்ளி வைக்காது.

வீடு வேண்டாம், உதவிதான் வேண்டும் என்றால் உன் டெபாசிட்டில் ஒன்றை உடைத்துக் கொடு. இல்லை, எழுதித்தான் ஆக வேண்டும் என்று உனக்கே தோன்றினால், இரண்டு வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதே: உன் ஆயுள் வரைக்கும் அந்த வீட்டில் இருக்கவும் வாடகை வாங்கவும் உனக்கு உரிமை என்று ஒன்று, அவன் உன்னைப் பராமரிக்க வேண்டும், தவறினால் பத்திரம் செல்லாது என்று இன்னொன்று. பத்திர எழுத்தர் "இதெல்லாம் எதுக்கும்மா, பெத்த பிள்ளைதானே" என்பார். எனக்குத் தெரிந்து எல்லாருமே அப்படிச் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதே. வரைவை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு, படித்துவிட்டுச் சொல்கிறேன்.

இன்னொன்று. இது சட்டமில்லை, அந்தக் கடைசி வரி மாதிரிதான், ஆனால் உன் வீட்டில் ஐம்பது வருஷம் சாப்பிட்ட உரிமையில் எழுதுகிறேன். நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறாய், உன் மகள் மீனா பெயர் ஒரு இடத்திலும் இல்லை. நீ எதுவும் எழுதாமல் போனால் இரண்டு பேருக்கும் சரிபாதி. முழுக்க செந்திலுக்கே கொடுப்பது உன் இஷ்டம், வீடு உன்னுடையது, யாரும் கேட்க முடியாது. ஆனால் அவளிடம் சொல்லாமல் செய்ய நினைக்கிறாய் என்று எனக்குப் படுகிறது. நீ அவளிடம் பேசிவிட்டாயா? மதுரை என்ன தூரம்?

கோபம் வந்தால் போன் செய்து திட்டு. காலை பத்து மணிக்கு மேல் செய், அதற்கு முன் என் 'சின்ன சந்தேக' நோயாளிகள் வரிசையில் நிற்பார்கள்.

அப்புறம், சிரிக்காதே. ஊருக்கெல்லாம் உயில் எழுதச் சொல்கிற நான் என் உயிலை இன்னும் எழுதவில்லை. வரைவு பத்து மாதமாக பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கிறது. அண்ணன் மகன்கள் இரண்டு பேர், மகள் ஒருத்தி. யாருக்கு எவ்வளவு என்று எழுதப் போனால் பேனா நகர மாட்டேன் என்கிறது. எதிர்வீட்டு டாக்டர் ஒரு சாட்சிக்கு ஒத்துக்கொண்டார். இன்னொரு சாட்சி நீதான். உனக்கு அதில் ஒன்றும் எழுதி வைக்கவில்லை, அதனால் நீ தாராளமாகச் சாட்சி போடலாம். தை பிறந்ததும் வா. ரயிலுக்கு இப்போதே பதிவு செய்துவிடு, கீழ் பெர்த்தாகக் கேள்.

உன்,
விஜயா